குமரியிலிருந்து சென்னைக்கு மேற்படிப்புக்குச் செல்வோர் தங்குமிடம் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை, முதுகலையிலோ முனைவர் பட்ட ஆய்விலோ சென்னையில் இடம் கிடைத்த மாணவர்கள் என்னிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி, "எங்கே தங்கினால் வாடகை குறைவு?" என்பதுதான். கேள்வி இயல்பானது. ஆனால் அதை முதலில் கேட்டவர்களில் பலர், ஓர் ஆண்டுக்குள் இரண்டு முறை வீடு மாறியிருக்கிறார்கள். அவர்களுள் நானும் ஒருவன்.

தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து 2015 ஜூலையில் நான் ஆய்வுக்காகச் சென்னைக்குப் புறப்பட்டபோது, உறவினரின் நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன வேளச்சேரி அறைக்கு, இடத்தைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்பியிருந்தேன். வாடகை குறைவு; தரைத்தளம்; சுவர்களுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். குடியேறி ஒரு மாதம் கழித்து இரும்பு பீரோவை நகர்த்தியபோது, தூரிகை எட்டாத அந்தச் சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்பு நிறக் கோடு ஒன்று நேராக ஓடுவதைக் கண்டேன். அது முந்தைய மழையொன்றில் தண்ணீர் நின்ற உயரம் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று பெய்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டைக் கடந்து ஏறியது. கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் வைத்திருந்த முதல் அரையாண்டின் களக்குறிப்புகள் கூழாகிப் போயின. அடுத்த ஆறரை ஆண்டுகளில் மேலும் மூன்று இடங்களில் தங்கிக் கற்றுக்கொண்டதையும், பிறகு என் மாணவர்களை அனுப்பிவைத்துக் கற்றதையும் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: உங்கள் வேலை நடக்கும் கதவைக் கண்டறியுங்கள்

"சென்னைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது" என்பது வீடு தேடுவதற்குப் போதுமான தகவல் ஆகாது. அப்பல்கலைக்கழகத்துக்குச் சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி என நகருக்குள்ளேயே பல வளாகங்கள் உள்ளன. சேப்பாக்கத்தில் வரலாறு படிப்பவருக்கும் தரமணியில் மருத்துவ உயிர்வேதியியல் படிப்பவருக்கும் ஒரே பகுதி பொருந்தாது. அண்ணா பல்கலைக்கழகம் என்றாலும் கிண்டி வளாகம் வேறு, குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. வளாகம் வேறு. ஐ.ஐ.டி. வளாகத்துக்கு அடையாறு–கிண்டிச் சாலையில் பிரதான வாயில் இருக்க, வேளச்சேரிப் பக்கமும் தரமணிப் பக்கமும் தனி வாயில்கள் இருக்கின்றன. ஆகவே சேர்க்கைக் கடிதம் வந்தவுடன், துறை எந்த வளாகத்தில், எந்த வாயிலுக்கு அருகில் இருக்கிறது என்பதை அலுவலகத்திலோ மூத்த மாணவரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு தாளில் உங்கள் ஒரு வாரத்தை மணிவாரியாக எழுதிப் பாருங்கள். முதுகலை மாணவருக்கு வகுப்பு நேரம் ஓரளவு நிலையானது. ஆய்வு மாணவரின் நாள் அப்படிப்பட்டதன்று. வேதியியல் ஆய்வகத்தில் ஒரு வினை முடிய இரவு பதினொன்று ஆகலாம். கருவி கிடைப்பது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம். தமிழிலோ வரலாற்றிலோ ஆய்வு செய்பவருக்கு வளாகத்தைவிட நூலகமே அன்றாட இடமாகிவிடும்: எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றுள் எதற்கு வாரம் நான்கு நாள் போவீர்கள் என்று பார்த்தால், தேட வேண்டிய பகுதி தானாகவே சுருங்கும்.

இங்கே ஒரு சிறு இடைக்குறிப்பு. விளவங்கோடு, கிள்ளியூர் பகுதி மாணவர்கள் பலருக்குத் திருவனந்தபுரமே அருகிலுள்ள பெருநகரம். குழித்துறையிலிருந்து ரயிலில் அன்றாடம் போய்வருபவர்கள் உண்டு. முதுகலை வகுப்புகளுக்கு அது முடியும்; ஆய்வுக்கு என்றால், முதல் ஆறு மாதங்களாவது அங்கேயே தங்குவது நல்லது என்பது என் கருத்து. மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும்வரை மனம் ஆய்வகத்தில் முழுதாக நிற்காது.

இரண்டாம் படி: வளாக விடுதியைப் பற்றி எழுத்தில் கேளுங்கள்

வளாகத்துக்குள்ளேயே விடுதி கிடைக்குமானால், முதல் ஆண்டில் அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அறை சிறியதாக இருக்கலாம், மெஸ் சாப்பாடு அலுத்துப் போகலாம். ஆனால் மூத்த மாணவர்களோடு இரவு பத்து மணிக்குத் தேநீர் குடித்தபடி தெரிந்துகொள்ளும் செய்திகள் வெளியே தங்கியவருக்கு மாதங்கள் கழித்தே வந்து சேரும்.

உதவித்தொகை பெறுபவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலைக்கு 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. விடுதி கொடுக்கப்படாதவர்களுக்கு இதற்கு மேல் மத்திய அரசு விதிப்படி வீட்டு வாடகைப்படியும் உண்டு. ஆனால் நிறுவனம் விடுதி அறை ஒதுக்கி, நீங்கள் வேண்டாம் என்று மறுத்துவிட்டால், அந்தப் படியைக் கோரும் உரிமை போய்விடும். எனவே விடுதியில் இடமில்லை என்றால், "இடமில்லை" என்று விடுதிக் காப்பாளரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலும், உதவித்தொகையின் முதல் தவணை சேர்ந்த மாதமே கைக்கு வரும் என்று நம்பி வீடு பிடிக்காதீர்கள். ஆறு மாத வாடகையைத் தாங்கும் அளவுக்கு வீட்டிலோ கையிலோ ஏற்பாடு இருந்தால்தான் நிம்மதியாகத் தொடங்க முடியும்.

மூன்றாம் படி: தூரத்தை நிமிடத்தில் அளவிடுங்கள்

நம் மாவட்டத்தில் வளர்ந்தவருக்குத் தூரத்தைப் பற்றிய உணர்வு வேறு விதமானது. ஊரும் ஊரும் ஒட்டிக் கிடப்பதால், நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் என்பதே நமக்கு ஒரு பயணம். ஆகவே சென்னையில் "நாலு கிலோமீட்டர்தான்" என்று சொன்னால் பக்கம் என்று எண்ணிவிடுகிறோம். மாலை ஆறரை மணிக்கு வேளச்சேரிச் சாலையில் பேருந்தில் நிற்கும்போது அந்த நாலு கிலோமீட்டர் என்னவென்று தெரியும். அதே நேரத்தில் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு, தூரம் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தும், புறநகர் மின்ரயில் அரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடும். தண்டவாளத்தை ஒட்டித் தேடுங்கள் என்பதே இந்தப் படியின் சாரம்.

சென்னையில் மாணவர்களுக்குப் பயன்படும் தண்டவாளங்கள் மூன்று வகை. முதலாவது, கடற்கரை நிலையத்திலிருந்து எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம், கிண்டி, பல்லாவரம், தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை செல்லும் புறநகர் ரயில். கட்டணம் மிகக் குறைவு, வண்டிகள் அடிக்கடி வரும், மாணவர்களுக்குச் சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு. இரண்டாவது, கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, திருமயிலை, கோட்டூர்புரம், திருவான்மியூர், தரமணி வழியாக வேளச்சேரிக்குச் செல்லும் பறக்கும் ரயில். சேப்பாக்கத்திலும் தரமணியிலும் படிப்பவர்களுக்கு இது அருமையான வழி, எனினும் வண்டிகளுக்கு இடையிலான நேரம் அதிகம், சில நிலையங்கள் இரவில் ஆளரவமின்றிக் கிடக்கும் என்பதை நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மூன்றாவது, 2015இல் தொடங்கிய மெட்ரோ. விரைவானது, கட்டணம் கூடுதல். மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காகப் பல முக்கியச் சாலைகளைத் தோண்டியிருப்பதால், அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் பேருந்து நேரத்தை இணைய வரைபடத்தை நம்பிக் கணக்கிடாமல், ஒருமுறை காலை எட்டரை மணிக்குத் தாமே பயணம் செய்து பார்க்க வேண்டும்.

இனி வளாகவாரியாகச் சொல்கிறேன். கிண்டி, அடையாறு, தரமணி வளாகங்களில் படிப்பவர்களுக்குச் சைதாப்பேட்டை எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை. புறநகர் ரயில், மெட்ரோ, அண்ணா சாலைப் பேருந்துகள் என மூன்றும் கிடைக்கின்றன. மீன் சந்தை இருக்கிறது. வீடுகள் பழையவை, சந்துகள் குறுகியவை என்பது உண்மை, ஆனால் மாணவர்களுக்கு வீடு கொடுத்துப் பழகிய ஊர். கோட்டூர்புரம் வாடகை நமக்கு எட்டாது என்றாலும், அதையொட்டிய பழைய கோட்டூர்த் தெருக்களில் மாடி போர்ஷன்கள் கிடைக்கும். ஆதம்பாக்கம், பழவந்தாங்கல், நங்கநல்லூர் ஆகியவை சற்றே அமைதியானவை. தரமணியில் அறைகள் நிறைய, ஐ.டி. ஊழியர்களோடு போட்டியிட வேண்டியிருப்பதால் வாடகை ஏறியபடி இருக்கும்.

சேப்பாக்கத்திலும் மாநிலக் கல்லூரியிலும் படிக்கும் ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் தலைமுறைகளாகப் புகலிடம். மாத வாடகைக்கு ஒற்றை அறை, கீழே இறங்கினால் மெஸ், நடந்தால் பல்கலைக்கழக நூலகம் என்ற அந்த வசதிக்கு ஈடு நகரில் வேறெங்கும் இல்லை. ஆனால் பல மேன்ஷன் அறைகளுக்கு வெளிச்சுவரில் சன்னல் கிடையாது. தாழ்வாரத்தைப் பார்த்த சன்னல் மட்டுமே இருக்கும். மே மாதத்தில் அத்தகைய அறையில் ஆய்வேடு எழுதுவது கடினம். லயோலா, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி ஆகியவற்றுக்கு நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தை ஒட்டிய சூளைமேடும் அடுத்த நிலையமான கோடம்பாக்கமும் பொருந்தும்.

தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., வண்டலூர், காட்டாங்குளத்தூர்ப் பக்கத்துக் கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றில் சேருபவர்கள் நகருக்குள் தேட வேண்டிய அவசியமே இல்லை. நம் மாவட்டத்தினருக்கு இத்தென்புறத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி, நாகர்கோவில் வந்தே பாரத் ஆகியவை தாம்பரத்தில் நிற்கின்றன. முன்பதிவில்லாத அந்த்யோதயா தாம்பரத்திலிருந்தே புறப்படுகிறது. தென்மாவட்டப் பேருந்துகளும் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்துக்கு மாறிவிட்டன. ஊரிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வந்தவருக்கு, அதிகாலையில் இறங்கி அரை மணியில் அறைக்குப் போய்ப் பெட்டியை வைக்க முடிவது சிறிய காரியமன்று. வீட்டில் வயதானவர்கள் இருந்து, மாதம் ஒருமுறையாவது போய்வர வேண்டிய நிலையில் இருப்பவர்கள், கிண்டியில் படித்தாலும் பல்லாவரம் முதல் தாம்பரம் வரையுள்ள ரயிலடிப் பகுதிகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: வாடகையையும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. வளாகத்திலிருந்து கால் மணி தூரத்திலுள்ள அறைக்கு உங்கள் பங்கு 8,500 ரூபாய். ஒரு மணி இருபது நிமிடத் தொலைவிலுள்ள அறைக்கு 6,000 ரூபாய். மாதம் 2,500 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் நாளொன்றுக்குக் கூடுதலாக இரண்டு மணி பத்து நிமிடம் சாலையில் கழிகிறது. மாதம் 25 நாளுக்கு அது 54 மணி நேரம். அதாவது மணிக்கு 46 ரூபாய்க்கு உங்கள் படிப்பு நேரத்தை விற்கிறீர்கள். பயணச் சீட்டையும், வழியில் குடிக்கும் தேநீரையும், களைப்பினால் சமைக்காமல் வாங்கிச் சாப்பிடும் இரவுணவையும் கழித்தால் அந்த மிச்சமும் மிஞ்சாது.

பெண்களுக்கு இக்கணக்கு சற்று மாறும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், நேரடிப் பேருந்து உள்ள பகுதியில் வாடகைக்குச் சற்றுக் கூடுதலாக ஒதுக்க முடியும். பெரம்பூரையும் பெசன்ட் நகரையும் இணைக்கும் 29சி போல, நீண்ட காலமாக ஓடும் ஒரு வழித்தடத்தின் நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்தில் வீடு அமைந்தால் அது பெரிய வசதி.

வாடகைக்கு மேல் வருபவற்றையும் முன்கூட்டியே கேளுங்கள்: மெயின்டெனன்ஸ், கேன் தண்ணீர், இணையம், மின்கட்டணம். மின்வாரியம் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் தனி மீட்டர் இல்லாத போர்ஷன்களில் உரிமையாளர்கள் தாங்களே ஒரு யூனிட் விலையை வைத்துக்கொள்வார்கள். தனி மீட்டர் இருக்கிறதா, யூனிட்டுக்கு எவ்வளவு என்ற இரண்டையும் கேட்காமல் வீட்டை முடிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: முதல் மாதத்தைத் தற்காலிகமாக வையுங்கள்

ஊரிலிருந்தபடி தொலைபேசியில் வீடு முடிப்பதைத் தவிர்க்க எளிய வழி, முதல் மாதத்துக்கு மட்டும் ஒரு பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதியிலோ, தெரிந்தவர் அறையிலோ, மேன்ஷனிலோ தங்குவதுதான். அந்த நாள்களில் மாலை நேரங்களில் நடந்து தேடுங்கள். இணையத்தில் வரும் வீடுகளைவிட, கேட்டில் தொங்கும் டு-லெட் பலகையும், தெருமுனை மளிகைக் கடைக்காரரும், இஸ்திரி வண்டிக்காரரும் தரும் தகவல் நம்பகமானது. புரோக்கருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகையும் மிஞ்சும்.

சேர்க்கை பெரும்பாலும் ஆடி மாதத்தையொட்டி நடப்பது நமக்குச் சாதகம். ஆடியில் குடும்பங்கள் வீடு மாறுவதில்லை. காலியான வீடுகள் ஆவணி பிறக்கும்வரை பூட்டிக் கிடக்கும். அந்த நான்கு வாரங்களில் உரிமையாளர் வாடகையில் ஐந்நூறு, ஆயிரம் குறைப்பார். அட்வான்ஸிலும் இறங்கி வருவார். நாள் பார்க்கும் வழக்கம் உள்ள வீடென்றால், பால் காய்ச்சுவதை ஆவணிக்குத் தள்ளிவைத்து, ஒப்பந்தத்தை மட்டும் ஆடியிலேயே முடித்துக்கொள்ளலாம். என் மாணவி ஒருத்தி அப்படித்தான் செய்தாள். அவள் பாட்டிக்கும் மனக்குறை இல்லை.

ஆறாம் படி: இரண்டு வெள்ளத்தையும் விசாரியுங்கள்

நம் கல்குளம், விளவங்கோட்டுப் பேச்சில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். சென்னையில் வெள்ளம் என்றால் வீட்டுக்குள் புகுந்துவிடுகிற தண்ணீர். வீடு பார்க்கும்போது இரண்டையும் விசாரிக்க வேண்டும்.

குடிநீரை முதலில் எடுத்துக்கொள்வோம். கிணற்றில் வாளியை இறக்கி அப்படியே குடித்து வளர்ந்த நாம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதே இல்லை. சென்னையில் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் இரண்டு சுவையில் தண்ணீர் இருக்கும். நான் இரண்டாவதாகக் குடியேறிய வீட்டுக்கு என் அம்மா வந்திருந்தபோது, குழாயைத் திறந்து உள்ளங்கையில் ஏந்தி நாவில் வைத்துவிட்டு, "மக்ளே, இந்த வெள்ளம் கரிக்குதே" என்றார். மூன்று மாதமாகத் தலைமுடி உதிர்வதற்கும் துவைத்த வெள்ளைச் சட்டை மங்குவதற்கும் காரணம் அந்த ஒரு சொல்லில் விளங்கியது. அதன்பின் எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் மூன்று சோதனைகளைச் செய்வேன். குழாய்த் தண்ணீரில் சோப்பைத் தேய்த்து நுரை வருகிறதா என்று பார்ப்பேன். குளியலறை வாளியின் உட்புறத்திலும் குழாயின் வாயிலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று விரலால் சுரண்டிப் பார்ப்பேன். கழிப்பறைச் சுவரில் மஞ்சள் கறை இருந்தால் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் இரும்பு அதிகம் என்று கொள்வேன். பிறகு உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை: மெட்ரோ வாட்டர் (நகரக் குடிநீர் வாரியம்) இணைப்பு உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சம்ப் (தரைக்குக் கீழுள்ள தொட்டி) எவ்வளவு கொள்ளும், மோட்டார் போடுவது யார், எந்த நேரத்தில்? 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, சம்ப் பெரிதாக இருந்த வீடுகளில் லாரித் தண்ணீரை வாங்கி இறக்க முடிந்தது. சம்ப் இல்லாத வீடுகளில் குடத்தோடு தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

அடுத்தது மழைவெள்ளம். நமக்கு ஆண்டில் இரண்டு பருவமழை உண்டு. பெய்த நீர் சரிவில் இறங்கிக் குளத்துக்கும் ஆற்றுக்கும் போய்விடும். சென்னை தட்டையான நிலம். வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓரிரு நாளிலேயே பெரும் மழை கொட்டிவிடும். ஏரியாகவும் சதுப்பாகவும் இருந்த இடங்களில் எழும்பிய குடியிருப்புகளில் அந்நீர் நின்றுவிடும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்துத் தாழ்வான தெருக்கள் பல நாள் நீரில் கிடந்தன. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை அடையாறு 2015இல் மூழ்கடித்தது. ஒரு பகுதி முழுவதையும் ஒதுக்க வேண்டியதில்லை. வேளச்சேரியிலேயே மேடான தெருக்கள் உண்டு. உரிமையாளரிடம் கேட்டால் "இங்கே தண்ணி வராது" என்பார். எதிர்வீட்டுக்காரரிடமும், தெருவில் நெடுநாள் கடை வைத்திருப்பவரிடமும், "2023இல் எந்தப் படி வரை ஏறிச்சு?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் படியைக் காட்டிப் பதில் சொல்வார்கள். மின்மீட்டர் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வாசற்படி தெருவைவிட உயர்ந்ததா தாழ்ந்ததா, சுவரின் கீழ்ப்பாதி மட்டும் புதுச் சாயமா என்பவற்றையும் பாருங்கள். பீரோ இருந்தால் நகர்த்திப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

முதல் மாடியே என் பரிந்துரை. மொட்டைமாடிக்கு நேர்க்கீழே உள்ள அறை வெள்ளத்துக்குத் தப்பும். ஆனால் கத்திரி வெயிலில் பகல் முழுதும் காய்ந்த கான்கிரீட் இரவு இரண்டு மணி வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும்.

ஏழாம் படி: யாரோடு, எந்த விதிகளோடு வாழப் போகிறீர்கள்?

மீன் சமைக்கலாமா என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, மேற்கு மாம்பலம் போன்ற இடங்களில் அசைவம் சமைப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. சாளையும் நெத்திலியும் இல்லாமல் ஒரு வாரம் கழியாத நமக்கு, மறைத்துக் குடியேறி ஒவ்வொரு ஞாயிறும் சன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்பது அவமானமான வாழ்க்கை. இன்னும் சிலர் சாதியையும் மதத்தையும் சுற்றிவளைத்துக் கேட்பார்கள். அப்படிக் கேட்கும் வீட்டில் வாடகை பாதியாக இருந்தாலும் நான் போகமாட்டேன். என் மாணவர்களையும் அனுப்பமாட்டேன்.

பெண்களுக்கான தனியார் விடுதிகள் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. காட்டத் தயங்கும் இடத்தை விட்டுவிடுங்கள். இரவு கேட் மூடும் நேரத்தை, முதற்படியில் எழுதிய வாரத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எட்டரை மணிக்கு மூடும் விடுதியும் பத்து மணி வரை நடக்கும் ஆய்வகமும் ஒத்துப்போகாது. நெறியாளரின் கடிதம் இருந்தால் நேர விலக்கு உண்டா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். விடுதியை முடிவு செய்யும் முன், நிறுத்தத்திலிருந்து வாசல்வரை இரவு ஒன்பதரை மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவிளக்கும் திறந்திருக்கும் கடைகளும் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அறைத்தோழர் ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்புவார்கள். ஊர்க்காரர் இருப்பது காய்ச்சல் வந்தால் உதவும். சம்பா அரிசிச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) பகிர்ந்து உண்ணலாம். ஆயினும் உறங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் ஒத்துப்போகும் வேற்றூர்க்காரர், ஒத்துப்போகாத ஊர்க்காரரைவிட நல்ல துணை.

எட்டாம் படி: அட்வான்ஸும் ஒப்பந்தமும்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பழைய வழக்கம் இன்னும் முற்றிலும் போகவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாக உடன்படாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. "வேறு விதமாக உடன்படாதவரை" என்ற சொற்கள்தான் முக்கியம். கையெழுத்திடும் முன் படித்தால்தான் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். வாடகைத் தகராறு என்பதற்காக மின்சாரத்தையோ தண்ணீரையோ துண்டிக்கவும் அது அனுமதிப்பதில்லை.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், காலி செய்யும்போது பெயின்டிங் செலவு என்று எவ்வளவு பிடிப்பார்கள். மூன்றாவது வரி இல்லாத ஒப்பந்தங்களில் ஒரு மாத வாடகை அந்தப் பெயரில் கழிந்துவிடுவது வழக்கம். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே அனுப்புங்கள். ஆதார் நகல் கொடுக்கும்போது, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று நகலின் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

குடியேறும் நாளில்

பெட்டியைத் திறக்கும் முன், காலி அறையைப் புகைப்படம் எடுங்கள்: மின்மீட்டரின் எண், சுவர் விரிசல், உடைந்த தாழ்ப்பாள், மின்விசிறி, குழாய்கள். அவற்றை அன்றே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். புத்தகங்களையும் குறிப்பேடுகளையும் தரையில் வைக்காமல், இடுப்புக்கு மேல் உயரமுள்ள அலமாரியில் அடுக்குங்கள். கையெழுத்துக் குறிப்புகளை வாரம் ஒருமுறை படமெடுத்து மின்னஞ்சலில் சேமியுங்கள். ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறப்பதால், கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போவதற்கான தேதிகளை அக்டோபரிலேயே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பருவமழை முடியும்வரை எந்த வீட்டையும் நிரந்தரம் என்று கொள்ளாதீர்கள். டிசம்பர் நடுவில் ஒருநாள் உட்கார்ந்து, எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை, எத்தனை நாள் வளாகத்துக்குத் தாமதமாகப் போனீர்கள், எத்தனை இரவுகள் உறக்கம் கெட்டது என்று எழுதிப் பாருங்கள். மாறத்தான் வேண்டும் என்று தெரிந்தால் அப்போதே முன்னறிவிப்புக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்; மார்கழியில் யாரும் வீடு மாறமாட்டார்கள், தை பிறந்ததும் நல்ல வீடுகள் காலியாகும்.